கார்டுகள் தெரிகின்றன, பாட்டு ஓடவில்லை: கிட்டாரில் அடுத்த கட்டத்துக்குப் போவது எப்படி?

புதுக்கம்பி:

வணக்கம். என்னிடம் இருப்பது அக்கூஸ்டிக் கிட்டார், ஸ்டீல் கம்பி. சில மாதங்களாகக் கற்று வருகிறேன். ஈ மைனர், ஏ மைனர், ஈ, ஏ, டி, சி, ஜி ஆகிய கார்டுகளை (பல சுரங்கள் சேர்ந்து ஒலிக்கும் விரல் வடிவங்களை) தனித்தனியாகப் பிடித்தால் எல்லாக் கம்பிகளும் தெளிவாக ஒலிக்கின்றன. ஆனால் பாட்டு என்று எடுத்தால் கதை வேறு. ஜி கார்டிலிருந்து சி கார்டுக்குப் போக ஒவ்வொரு விரலாகத் தேடி வைக்க வேண்டியிருக்கிறது. நான் வைத்து முடிப்பதற்குள் பாட்டு அடுத்த வரிக்குப் போய்விடுகிறது. எஃப் கார்டு இன்னும் பக்கத்திலேயே வரவில்லை.

வார நாட்களில் கிட்டாரைத் தொட நேரம் கிடைப்பதில்லை. சனி, ஞாயிறுகளில் மொத்தமாக இரண்டு மணி நேரம் உட்கார்ந்து விடுவேன். வீடியோ பாடங்களும் நிறைய பார்க்கிறேன். அடுத்து என்ன செய்ய வேண்டும்? இன்னும் புதிய கார்டுகளா, ஸ்கேல்களா (சுர வரிசைகளா), அல்லது எஃப் கார்டை முடித்துவிட்டுத்தான் மற்றதா? அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

தாளக்கட்டு:

வணக்கம் நண்பரே. புதிய கார்டு எதுவும் வேண்டாம். உங்களிடம் இருக்கும் ஏழு கார்டுகளில் எத்தனையோ பாட்டுகள் அடங்கும். உங்களுக்கு இல்லாதது கார்டு அல்ல, ஒரு கார்டுக்கும் அடுத்த கார்டுக்கும் நடுவில் இருக்கிற அந்தச் சிறு நேரம். அதைத்தான் பழக வேண்டும், ஆனால் தொடக்கத்தில் பலரும் பழகாமல் விடுவது அதைத்தான். கார்டைப் பிடித்துச் சில தடவை தட்டுகிறோம், நன்றாக ஒலிக்கிறது, திருப்தி. மாற்றும்போது வலக்கையை நிறுத்திவிட்டு இடக்கை தயாராகும்வரை காத்திருக்கிறோம். இப்படியே பல நாள் வாசித்தால், "மாற்றும்போது நிற்க வேண்டும்" என்பதையும் சேர்த்தே கை கற்றுக்கொள்கிறது.

அதனால் முதல் விதி இது. வலக்கை எந்தக் காரணத்துக்காகவும் நிற்கக் கூடாது. இடக்கை வந்து சேரவில்லையா, பரவாயில்லை, பாதிக் கார்டு ஒலிக்கட்டும், வெறும் கம்பி ஒலிக்கட்டும், தாளம் ஓட வேண்டும். வலக்கை காத்திருக்காது என்று தெரிந்த பிறகுதான் இடக்கை வேகமாக வரப் பழகும்.

இரண்டாவது, உங்கள் பாட்டின் வேகத்தை அதில் உள்ள மிக மெதுவான கார்டு மாற்றம்தான் தீர்மானிக்கிறது. மற்ற இடங்களில் வேகமாகப் போய், ஜி–சி வரும்போது தடுக்கி, பிறகு மீண்டும் வேகமாகப் போவதால் பயன் இல்லை. ஜி–சி எந்த வேகத்தில் தடுக்காமல் வருகிறதோ, முழுப் பாட்டையும் அந்த வேகத்தில் வாசியுங்கள். மெட்ரோனோமில் (தாள அடியை டிக் டிக் என்று எண்ணித் தரும் கருவி) நிமிடத்துக்கு 50 அடி வந்தால் 50. கேட்க இழுவையாக இருக்கும், இருக்கட்டும். தடுக்காமல் முடிந்தால் அடுத்த நாள் ஐந்து ஏற்றுங்கள்.

ஒரு கணக்கும் சொல்கிறேன். நிமிடத்துக்கு 80 அடி ஓடும் ஒரு பாட்டில், நான்கு அடிக்கு ஒரு முறை கார்டு மாறினால் நிமிடத்துக்கு 20 மாற்றங்கள். இரண்டு அடிக்கு ஒரு முறை மாறினால் 40. ஒரு நிமிடம் டைமர் வைத்து, ஜி–சி–ஜி–சி என்று மாற்றி மாற்றிப் பிடித்து, ஒவ்வொரு கார்டுக்கும் ஒரே ஒரு தட்டு தட்டி எண்ணிப் பாருங்கள். 20-க்குக் கீழே இருந்தால், அந்தப் பாட்டு உங்களுக்கு ஏன் ஓடவில்லை என்பது விளங்கிவிடும். 40-ஐத் தாண்டினால் பெரும்பாலான எளிய பாட்டுகள் கைக்குள் வந்துவிடும். எண்ணிக்கையை ஒரு தாளில் எழுதி வையுங்கள். முன்னேற்றம் காதுக்குத் தெரியாத நாட்களிலும் தாளில் தெரியும்.

இன்னொன்று பலரும் சொல்லித் தராதது. தேர்ந்தவர்கள் வேகமாக ஸ்ட்ரம் செய்யும்போது, அதாவது வலக்கையால் கம்பிகளைச் சேர்த்துத் தட்டும்போது, கவனித்துக் கேளுங்கள். கார்டு மாறுவதற்கு முந்தைய கடைசி மேல்தட்டில் (கை மேலே போகும்போது விழும் தட்டில்) பெரும்பாலும் எந்தக் கார்டும் இருக்காது. இடக்கை அதற்குள் எழுந்து அடுத்த இடத்துக்குக் கிளம்பியிருக்கும், அந்தத் தட்டு வெறும் கம்பிகளில் விழும். ஓட்டத்தில் காதுக்கு அது தெரிவதில்லை. கடைசி நொடிவரை கார்டை அழுத்திப் பிடித்துக்கொண்டு, அப்புறம் எங்கிருந்தோ நேரம் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. அரை அடி முன்னதாகவே விடுங்கள்.

விரல்நுனி:

தாளக்கட்டு சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மாற்றும்போது எல்லா விரல்களையும் தூக்க வேண்டியதில்லை. எது தங்குகிறது, எது நகர்கிறது என்று முதலில் பாருங்கள். (மிக மெல்லிய கம்பி முதலாவது, மிகத் தடித்தது ஆறாவது. தடித்த கம்பிதான் மேலே இருக்கும்.)

சி கார்டிலிருந்து ஏ மைனருக்குப் போனால் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் இருந்த இடத்திலேயே இருக்கும். மோதிர விரல் மட்டும் ஐந்தாம் கம்பியிலிருந்து மூன்றாம் கம்பிக்குப் போகும். ஏ மைனரும் ஈயும் ஒரே வடிவம்தான், மொத்தமாக ஒரு கம்பி மேலே தள்ளினால் போதும்.

உங்களுக்குச் சிக்கல் தரும் ஜி–சிக்கும் வழி இருக்கிறது. ஜியை நடுவிரல், மோதிர விரல், சுண்டு விரல் கொண்டு பிடியுங்கள். ஆறாம் கம்பி மூன்றாம் ஃப்ரெட்டில் (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகப் பட்டைகள்தான் ஃப்ரெட்டுகள்) மோதிர விரல், ஐந்தாம் கம்பி இரண்டாம் ஃப்ரெட்டில் நடுவிரல், முதல் கம்பி மூன்றாம் ஃப்ரெட்டில் சுண்டு விரல். இப்போது சிக்குப் போக, மோதிர விரலும் நடுவிரலும் சேர்ந்தே ஒரு கம்பி கீழே இறங்கும். சும்மா இருந்த ஆள்காட்டி விரல் இரண்டாம் கம்பி முதல் ஃப்ரெட்டில் உட்காரும். அவ்வளவுதான்.

புதுக்கம்பி:

எனக்கு ஜியை ஆள்காட்டி, நடு, மோதிர விரல்களில்தான் சொல்லித் தந்தார்கள். சுண்டு விரலுக்கு வலுவே இல்லை, முதல் கம்பி மங்கிப்போகிறது. பழகியதை மாற்றத்தான் வேண்டுமா?

விரல்நுனி:

பழையதை விட வேண்டாம், இரண்டும் தெரிந்திருக்கட்டும். அடுத்து வருவது சி என்றால் சுண்டு விரல் ஜி எளிது. அடுத்து டி என்றால் வேறொரு ஜி இருக்கிறது. இரண்டாம் கம்பி மூன்றாம் ஃப்ரெட்டில் மோதிர விரல், முதல் கம்பி மூன்றாம் ஃப்ரெட்டில் சுண்டு விரல், மேலே இரு தடித்த கம்பிகளில் நடுவிரலும் ஆள்காட்டி விரலும். இதில் மோதிர விரல் அப்படியே டி கார்டுக்கும் தங்கிவிடும். அடுத்த கார்டைப் பார்த்துத்தான் இந்தக் கார்டின் விரல்களை முடிவு செய்கிறோம்.

சுண்டு விரல் வலுவைப் பற்றிக் கவலை வேண்டாம். ஃப்ரெட் பட்டைக்கு ஒட்டினாற்போல, அதற்குச் சற்றுப் பின்னால் விரல் நுனி விழுந்தால் குறைந்த அழுத்தமே போதும். இரண்டு ஃப்ரெட்டுகளுக்கு நடுவில் வைத்தால் எந்த விரலுக்கும் சிரமம்தான்.

மரப்பெட்டி:

கையைப் பற்றி எல்லோரும் சொல்கிறீர்கள், கருவியையும் ஒரு தடவை பார்த்துவிடுவோம். பாதிப் பேர் "என் விரலுக்கு வலு இல்லை" என்று நினைத்து விட்டுவிடுவது, சரியாக செட்டப் செய்யாத, அதாவது கம்பியின் உயரம் போன்றவற்றைச் சீர்செய்யாத கிட்டாரால்தான். என்னிடம் பழுது பார்க்க வருகிறவற்றில் இதைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன்.

வீட்டிலேயே இரண்டு சோதனை செய்யலாம். ஒரு அளவுகோலை எடுத்து, 12-வது ஃப்ரெட்டின் மேல்முனையிலிருந்து ஆறாம் கம்பியின் அடிப்பக்கம்வரை எவ்வளவு இடைவெளி என்று அளந்து பாருங்கள். ஸ்டீல் கம்பி அக்கூஸ்டிக்கில் சுமார் 2.5 மி.மீ. இருந்தால் வசதி. முதல் கம்பியில் 2 மி.மீ. அல்லது அதற்கும் சற்றுக் குறைவு. ஆறாம் கம்பியில் 3 மி.மீட்டரைத் தாண்டினால் தேவைக்கு மேல் அழுத்திக்கொண்டிருக்கிறீர்கள்.

அடுத்தது நட். கழுத்தின் தலைப்பக்கத்தில் கம்பிகள் பதிந்து உட்காரும் பட்டைதான் அது. ஒவ்வொரு கம்பியையும் மூன்றாம் ஃப்ரெட்டில் அழுத்திப் பிடித்துக்கொண்டு, முதல் ஃப்ரெட்டுக்கு மேலே கம்பி எவ்வளவு தூக்கி நிற்கிறது என்று பாருங்கள். மயிரிழை இடைவெளிதான் இருக்க வேண்டும். அதற்கு மேல் இருந்தால் நட்டின் வெட்டுகள் ஆழமாக இல்லை. எஃப் கார்டு முதல் ஃப்ரெட்டிலேயே விழுவதால், இந்தக் குறையின் முழுச் சுமையும் எஃப் கார்டில்தான் தெரியும். நட்டை நீங்களே அராவ வேண்டாம். அதிகம் அராவிவிட்டால் வெறும் கம்பி அதிரும், புது நட் போட வேண்டிவரும். செட்டப் தெரிந்தவரிடம் கொடுங்கள்.

அதுவரைக்கும் ஒரு உபாயம். ஆறு கம்பிகளையும் ஒரு செமிடோன் (ஒரு ஃப்ரெட் அளவு) இறக்கி ட்யூன் செய்து, முதல் ஃப்ரெட்டில் கேப்போ (எல்லாக் கம்பிகளையும் சேர்த்து அழுத்தும் கவ்வி) போடுங்கள். சுருதி பழைய இடத்துக்கே வந்துவிடும். ஆனால் கம்பியின் இழுவிசை கிட்டத்தட்ட 11 சதவீதம் குறைந்திருக்கும். அதோடு நட்டின் உயரமும் கணக்கில் வராது, ஏனென்றால் இப்போது கேப்போதான் நட். விரல் உடனே வித்தியாசத்தை உணரும்.

கம்பியின் தடிமனையும் பாருங்கள். அக்கூஸ்டிக் கிட்டார்களில் பெரும்பாலும் 12–53 செட் இருக்கும் (மெல்லிய கம்பியும் தடித்த கம்பியும் அங்குலத்தின் ஆயிரத்தில் எத்தனை பங்கு தடிமன் என்ற கணக்கு). 11–52 அல்லது 10–47 செட் மாற்றினால் ஓசை கொஞ்சம் மெலியும், கைக்கு நிம்மதி. பிளாக் சபாத் என்ற ஹெவி மெட்டல் குழுவின் கிட்டார் கலைஞர் டோனி ஐயோமி 17 வயதில் தொழிற்சாலை விபத்தில் இரண்டு விரல் நுனிகளை இழந்தவர். இடக்கைப் பழக்கமுள்ளவர் என்பதால், கம்பியை அழுத்தும் வலக்கையிலேயே அந்தக் காயம். அவர் விரல்களுக்கு உறை செய்து மாட்டிக்கொண்டார், மெல்லிய கம்பிகளுக்கு மாறினார், பிற்பாடு சுருதியையும் இறக்கினார். அந்தக் கனத்த ஓசை இன்று ஒரு இசை வகைக்கே அடையாளம். கருவியைத் தனக்கேற்ப மாற்றிக்கொள்வதில் எந்தக் குறைவும் இல்லை.

எட்டாம்ஃப்ரெட்:

எஃப் கார்டைப் பற்றி என் கருத்து. முழு எஃப் வரும்வரை பாட்டை நிறுத்தி வைக்காதீர்கள். அதே சமயம் அதிலிருந்து ஓடவும் வேண்டாம். பாட்டில் எஃப் வரும்போது, கீழ் நான்கு கம்பிகளில் மட்டும் பிடிக்கும் சின்ன எஃப் போதும். முதல் கம்பியை வெறுமனே விட்டால் எஃப் மேஜர் செவன் என்ற கார்டு, அதுவும் பல இடங்களில் அழகாகவே பொருந்தும். இது ஒரு பக்கம் ஓடட்டும். இன்னொரு பக்கம் தினமும் சில நிமிடம் பார் கார்டுக்கு, அதாவது ஆள்காட்டி விரலைக் கம்பிகளின் குறுக்கே படுக்க வைத்துப் பிடிக்கும் முழு எஃப் போன்றவற்றுக்கு, ஒதுக்குங்கள்.

பார் பிடிக்கும்போது ஆள்காட்டி விரல் ஆறு கம்பிகளையும் நசுக்க வேண்டும் என்று நினைப்பதுதான் பெரிய பாரம். எஃப் வடிவத்தை நன்றாகப் பாருங்கள். ஐந்தாம், நான்காம், மூன்றாம் கம்பிகளை மற்ற விரல்கள் ஏற்கெனவே முன்னால் அழுத்தியிருக்கின்றன. ஆள்காட்டி விரல் உண்மையில் ஒலிக்க வைக்க வேண்டியது ஆறாவது, இரண்டாவது, முதல் கம்பிகளை மட்டுமே. நடுவில் அது தளர்வாக இருக்கலாம். விரலைச் சற்றே கட்டைவிரல் பக்கமாகத் திருப்பி, எலும்பு இருக்கும் பக்கவாட்டால் அழுத்துங்கள். சதைப்பகுதியில் மடிப்புக் கோடுகள் இருப்பதால் கம்பி அதில் புதைந்து மங்கிவிடும்.

தொடங்கும் இடம் முதல் ஃப்ரெட் அல்ல. நட்டுக்குப் பக்கத்தில் கம்பியை வளைப்பது கடினம். ஐந்தாம் ஃப்ரெட்டில் அதே வடிவத்தைப் பிடியுங்கள், அங்கே அது ஏ கார்டு. தெளிவாக வந்த பிறகு நான்காவது, மூன்றாவது என்று ஒவ்வொன்றாக இறங்குங்கள். மூன்றாவதில் அது ஜி. கடைசியில் முதல் ஃப்ரெட்.

அப்புறம், கட்டைவிரலால் கவ்வாதீர்கள். முழங்கையை உடம்புப் பக்கம் தளர விட்டு, கையின் எடையால் கழுத்தைப் பின்னோக்கி இழுங்கள். வலக்கையின் முன்கை கிட்டாரின் உடலை அணைத்திருப்பதால் அது நகராது. கட்டைவிரலை முழுக்க எடுத்துவிட்டும் கார்டு ஒலிக்கிறதா என்று பாருங்கள். ஒலித்தால் சரியான வழியில் இருக்கிறீர்கள்.

நைலான்:

சனி, ஞாயிறு இரண்டு மணி நேரம் என்பதைப் பற்றி யாரும் பேசவில்லையே. எனக்கு அதுதான் முக்கியமாகத் தெரிகிறது. அதே நேரத்தைப் பிரித்து தினமும் 15–20 நிமிடம் வாசித்தால் கிடைக்கும் பலன் வேறு. கை அசைவுகளைக் கற்பதில் ஒரு பகுதி நாம் தூங்கும்போது நடக்கிறது. ஏழு இரவுகள் கிடைக்கிற இடத்தில் இரண்டை மட்டும் பயன்படுத்துகிறீர்கள். விரல் நுனித் தோலும் அப்படியே. தினமும் கொஞ்சம் தொட்டால் சில வாரங்களில் காய்ப்பு ஏறி வலி போகும். வாரத்துக்கு ஒரு தடவை நீளமாக வாசித்தால் ஒவ்வொரு வாரமும் வலிதான்.

கிட்டாரை உறைக்குள் பூட்டி வைக்காதீர்கள். ஸ்டாண்டில் கண்ணில் படும்படி வையுங்கள். வேலைகளுக்கு நடுவே ஐந்து நிமிடம் கிடைத்தாலும் கை அதைத் தேடிப் போகும்.

அந்த 20 நிமிடத்தையும் ஒரே மாற்றத்தில் செலவழிக்க வேண்டாம். ஷே, மார்கன் என்ற இரு ஆய்வாளர்கள் 1979-இல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். கை அசைவு வேலைகள் சிலவற்றை ஒரு குழு ஒவ்வொன்றாகத் தொகுத்துப் பழகியது, இன்னொரு குழு கலந்து பழகியது. பழகும் நேரத்தில் தொகுத்துப் பழகியவர்கள்தான் வேகம். பின்னர் நினைவைச் சோதித்தபோது கலந்து பழகியவர்கள் முந்தினார்கள். நமக்கு இதில் பாடம் இருக்கிறது. வடிவம் புத்தம் புதிது என்றால் அதை மட்டும் திரும்பத் திரும்பச் செய்யுங்கள். ஓரளவு வந்த பிறகு ஜி–சி இரண்டு நிமிடம், டி–ஏ இரண்டு நிமிடம், சின்ன எஃப்–சி இரண்டு நிமிடம், திரும்பவும் ஜி–சி என்று சுற்றி வாருங்கள். அன்றைக்கு மோசமாக இருப்பது போலத் தோன்றும், ஆனால் மறுநாள் கையில் நிற்பது அதிகம்.

தாளக்கட்டு:

நைலான் சொல்வதை வழிமொழிகிறேன். ஒரு சின்னத் திருத்தம் மட்டும். 20 நிமிடத்தில் கடைசி ஐந்து நிமிடமாவது ஒரு முழுப் பாட்டு இருக்க வேண்டும், தொடக்கத்திலிருந்து முடிவுவரை. பயிற்சியில் 60 மாற்றம் வந்தவர்கள்கூடப் பாட்டில் தடுமாறுவதைப் பார்த்திருக்கிறேன். பாட்டில் அடுத்து என்ன கார்டு என்று நினைவில் வைக்கும் வேலையும் சேர்கிறதே.

எட்டாம்ஃப்ரெட்:

மெட்ரோனோம் விஷயத்தில் மட்டும் நான் மாறுபடுகிறேன். தொடக்கத்திலேயே டிக் டிக் சத்தத்தோடு கட்டிப்போட்டால் பலருக்குக் கை விறைத்துவிடும். அசல் பாட்டையே 0.75 வேகத்தில் ஓடவிட்டு அதனோடு வாசியுங்கள். சுருதி மாறாமல் வேகத்தை மட்டும் குறைக்கும் வசதி இப்போது பல வீடியோ பிளேயர்களில் இருக்கிறது. டிரம்ஸும் பேஸும் கூடவே இருப்பதால் தாளம் உடம்பில் இறங்குகிறது.

தாளக்கட்டு:

பாட்டோடு வாசிப்பது நல்லது, மறுக்கவில்லை. ஆனால் பதிவில் உள்ள கிட்டார் நம் தடுமாற்றத்தை மூடிவிடும். மெட்ரோனோம் எதையும் மூடாது. முதலில் மெட்ரோனோம், பிறகு பாட்டு என்று இரண்டையும் வைத்துக்கொள்ளட்டும். கை விறைப்பது சத்தத்தால் அல்ல, வேகத்தைக் கூட்டி வைப்பதால்.

புதுக்கம்பி:

எல்லோருக்கும் மிக்க நன்றி. இவ்வளவு விரிவாக வரும் என்று எதிர்பார்க்கவில்லை. சுண்டு விரல் ஜி இப்போது ஓரளவு வருகிறது, ஜி–சி முன்பு போல் பயமுறுத்தவில்லை. மெட்ரோனோமில் 60 வைத்து மூன்று கார்டுப் பாட்டு ஒன்றை நிற்காமல் முடித்தேன், மெதுவாகத்தான், ஆனாலும் பாட்டாகக் கேட்டது! கேப்போ உபாயம் உடனே பலன் தந்தது, மரப்பெட்டி அவர்களுக்குத் தனி நன்றி. செட்டப்புக்கும் கொடுக்கப் போகிறேன்.

இரண்டு சந்தேகங்கள். கொஞ்ச நேரம் வாசித்தால் இடது கட்டைவிரலின் அடிச்சதையில் வலி வருகிறது, இது சகஜமா? அடுத்து, வலக்கை நிற்கக் கூடாது என்றீர்கள். ஆனால் ஸ்ட்ரம்மிங் பேட்டர்னில் சில தட்டுகளை விட வேண்டியிருக்கிறது. விடும் இடத்தில் என் கை நின்றுவிடுகிறது. இதை எப்படிச் சரிசெய்வது?

விரல்நுனி:

வலியைப் பற்றி முதலில். விரல் நுனியில் எரிச்சல் வருவது சகஜம். கட்டைவிரல் அடி, மணிக்கட்டு, முன்கை இந்த இடங்களில் வலி வந்தால் உடனே நிறுத்திவிட வேண்டும், பொறுத்துக்கொண்டு வாசிக்கக் கூடாது. மரத்துப்போவது, ஊசி குத்துவது போன்ற உணர்வு இருந்தாலோ, ஓய்வெடுத்த பிறகும் வலி நீடித்தாலோ மருத்துவரைப் பாருங்கள்.

பெரும்பாலும் காரணம் தேவைக்கு மேல் கவ்வுவதுதான். இதைச் செய்து பாருங்கள். ஒரு விரலைக் கம்பியின்மேல் தொட்டும் தொடாமலும் வைத்து, வலக்கையால் மீட்டிக்கொண்டே இருங்கள். மங்கிய சத்தம் வரும். மிக மெதுவாக அழுத்தத்தைக் கூட்டுங்கள். முதலில் கரகரக்கும், பிறகு ஒரு இடத்தில் தெளிவாகும். அங்கேயே நிறுத்துங்கள். ஒரு சுரத்துக்குத் தேவையான அழுத்தம் அவ்வளவுதான். நாம் அதைவிட எவ்வளவு அதிகமாக அழுத்திக்கொண்டிருந்தோம் என்று அப்போதுதான் தெரியும். அளவுக்கு மீறி அழுத்தினால் வலி மட்டுமல்ல, கம்பி இழுபட்டு சுருதியும் ஏறிவிடும். ட்யூன் செய்த பிறகும் கார்டு அபசுரமாகக் கேட்டால் இதையும் சந்தேகியுங்கள்.

உட்காரும் விதமும் முக்கியம். கிட்டாரின் தலை கீழே சாய்ந்திருந்தால் மணிக்கட்டு மடங்கிக்கொள்ளும். தலைப்பக்கத்தைக் கொஞ்சம் உயர்த்துங்கள். உட்கார்ந்து வாசிக்கும்போதும் ஸ்ட்ராப் போட்டுக்கொண்டால் இடக்கை கழுத்தைத் தாங்கும் வேலையிலிருந்து விடுபடும்.

தாளக்கட்டு:

ஸ்ட்ரம்மிங்குக்கு நான் வருகிறேன். விடும் தட்டு என்றால் கை நிற்பது அல்ல, கை போகிறது, கம்பியைத் தொடவில்லை. அவ்வளவுதான் வித்தியாசம். கை எப்போதும் கீழே, மேலே, கீழே, மேலே என்று ஒரே சீராகப் போய்வந்து கொண்டிருக்கும். எந்தப் போக்கில் கம்பியைத் தொடுகிறோம், எதில் தொடாமல் காற்றில் விடுகிறோம் என்பதுதான் பேட்டர்ன்.

இதை வாயால் சொல்லிப் பழகுங்கள். நமக்குத் தகதிமி இருக்கிறது, அதைவிட நல்ல கருவி கிடையாது. ஒரு பாருக்கு (நான்கு அடி கொண்ட ஒரு தாளச் சுற்றுக்கு) இரண்டு தகதிமி. த, தி வரும்போது கை கீழே. க, மி வரும்போது கை மேலே. எல்லாவற்றையும் தட்டினால் எட்டுத் தட்டுகள். இப்போது எங்கும் கேட்கும் அந்தப் பொதுவான பேட்டர்னை இதில் வைப்போம். முதல் தகதிமியில் த தட்டு, க காற்றில், தி தட்டு, மி தட்டு. இரண்டாவது தகதிமியில் த காற்றில், க தட்டு, தி தட்டு, மி தட்டு. இரண்டாவது தகதிமியின் முதல் த-வில்தான் எல்லோருக்கும் கை நிற்கும், ஏனென்றால் அது அழுத்தமான அடி, அங்கே சத்தம் இல்லாமல் இருப்பது உடம்புக்குப் பழக்கமில்லை. அந்த இடத்தில் வாயால் "த" என்று சத்தமாகச் சொல்லுங்கள், காலையும் தட்டுங்கள். கை தானாகக் கீழே போகும்.

முதலில் கார்டு வேண்டாம். இடக்கையைக் கம்பிகளின்மேல் லேசாகப் படுக்க வைத்து ஒலியை அடக்கிவிட்டு, வலக்கையை மட்டும் பழகுங்கள். சக்-சக் என்ற சத்தத்தில் தாளத்தின் குறை நன்றாகக் கேட்கும். ஓடிய பிறகு ஒரே ஒரு கார்டு, ஈ மைனர் போதும். அதற்குப் பிறகுதான் இரண்டு கார்டுகள்.

பிக், அதாவது கம்பியைத் தட்டும் சிறு வில்லை, தடிமன் என்ன? 0.60 முதல் 0.73 மி.மீ. வரை ஸ்ட்ரம்மிங்குக்கு இதமாக இருக்கும். ஒரு மி.மீ. பிக்கால் தொடங்கினால் கம்பியில் சிக்கிச் சிக்கி நிற்கும்.

புதுக்கம்பி:

என் பிக் ஒரு மி.மீட்டர்தான்! மாற்றிவிடுகிறேன். தகதிமி வழி அருமை. ஸ்கேல் பற்றி மட்டும் யாரும் சொல்லவில்லை.

தாளக்கட்டு:

இப்போதைக்கு வேண்டாம் என்பது என் எண்ணம். தாளமும் கார்டு மாற்றமும் நிலைப்படட்டும்.

நைலான்:

இதில் நான் தாளக்கட்டோடு ஒத்துப்போகவில்லை. ஸ்கேல் வடிவங்களைக் கழுத்து முழுக்க மனப்பாடம் செய்வது இப்போது தேவையில்லை, அது சரி. ஆனால் காது பழக வேண்டாமா? கார்டு மட்டுமே வாசிப்பவர்கள் எழுதி வைத்ததைப் பார்த்துத்தான் வாசிக்க முடியும் என்ற நிலையில் நெடுநாள் தங்கிவிடுகிறார்கள்.

ஒரே ஒரு கம்பியில் தொடங்குங்கள். வெறும் கம்பி, 2, 4, 5, 7, 9, 11, 12 ஆகிய ஃப்ரெட்டுகள். இதுதான் மேஜர் ஸ்கேல். ச ரி க ம ப த நி ச பாடத் தெரிந்தவர்கள் இதைச் சங்கராபரணம் என்று உடனே கண்டுகொள்வார்கள். வாசித்துக்கொண்டே கூடவே பாடுங்கள். பிறகு உங்களுக்கு மனப்பாடமாகத் தெரிந்த ஒரு எளிய மெட்டின் முதல் வரியை எடுத்து, யாரையும் கேட்காமல், எதையும் பார்க்காமல், அந்த ஒரே கம்பியில் தேடிக் கண்டுபிடியுங்கள். மேலே போகிறதா, கீழே போகிறதா, பக்கத்துச் சுரமா, தாவுகிறதா என்று காது கேட்கப் பழகும். தினமும் ஐந்து நிமிடம் போதும். இதை இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம், கருவியோடு உறவு வருவது இந்தத் தேடலில்தான். நாமே கண்டுபிடித்த நான்கு சுரங்கள் தரும் மகிழ்ச்சியை, பார்த்து வாசித்த முழுப் பாட்டு தருவதில்லை.

தாளக்கட்டு:

ஒரு கம்பியில், காதால் தேடுவது என்றால் எனக்கு முழுச் சம்மதம். பெட்டி பெட்டியாக வடிவம் மனப்பாடம் செய்வதைத்தான் வேண்டாம் என்றேன்.

மரப்பெட்டி:

காது என்றதும் ஒன்று. வாசிக்க உட்காரும் ஒவ்வொரு தடவையும் ட்யூன் செய்யுங்கள். சுருதி விலகிய கிட்டாரில் பழகினால் காது தப்பைச் சரி என்று எடுத்துக்கொள்ளும். ட்யூன் செய்யும்போது கீழிருந்து மேலே ஏற்றி நிறுத்துங்கள். தாண்டிவிட்டால் நன்றாக இறக்கிவிட்டு மீண்டும் ஏற்றுங்கள். மேலிருந்து இறக்கி நிறுத்தினால் பற்சக்கரத்தில் தளர்வு தங்கி, இரண்டு பாட்டுக்குள் கம்பி இறங்கிவிடும்.

விரல்நுனி:

வாரம் ஒரு முறை ஃபோனில் பதிவு செய்து வையுங்கள். வாசிக்கும்போது கவனம் முழுக்க விரலில் இருப்பதால் தாளம் எங்கே ஓடுகிறது, எங்கே இழுக்கிறது என்பது நமக்குக் கேட்காது. மறுநாள் கேட்டால் ஒவ்வொன்றும் துல்லியமாகத் தெரியும். எந்த மாற்றத்தில் இழுக்கிறதோ, அந்த வாரத்துப் பயிற்சி அதுதான்.

புதுக்கம்பி:

கடைசியாக ஒன்று. வாசிக்க வந்த அந்த ஒரு பாட்டையும் பாடிக்கொண்டு வாசித்தால் இரண்டும் குழம்புகிறது. வாய் திறந்தவுடன் கை வரிகளின் தாளத்துக்கு ஆடுகிறது. அதோடு அந்தச் சுருதி என் குரலுக்கு மிகவும் தாழ்வு.

எட்டாம்ஃப்ரெட்:

குரலுக்குக் கேப்போவே போதும். ஜி, சி, டி வடிவங்களில் வாசிக்கிறீர்கள் என்றால் இரண்டாம் ஃப்ரெட்டில் கேப்போ போடுங்கள், ஒலிப்பது ஏ, டி, ஈ ஆகிவிடும். விரல்களுக்கு எதுவும் மாறாது. இன்னும் ஏற வேண்டும் என்றால் மூன்று, நான்கு என்று நகர்த்திக்கொண்டே போய், எந்த இடத்தில் உச்சவரி சிரமமில்லாமல் வருகிறதோ அங்கே நிறுத்துங்கள்.

பாடுவதற்கு, பேட்டர்னைத் தற்காலிகமாகக் கைவிடுங்கள். ஒரு கார்டுக்கு ஒரே ஒரு கீழ்த்தட்டு, பாரின் முதல் அடியில் மட்டும். அதன்மேல் வரிகளைப் பாடாமல் தாளத்தோடு பேசுங்கள். எந்தச் சொல்லில் கார்டு மாறுகிறது என்று தெரிந்துகொள்வதுதான் நோக்கம், வரிகளை எழுதி அந்தச் சொல்லின்மேல் கோடு போட்டுக்கொண்டாலும் நல்லது. பிறகு மெட்டோடு பாடுங்கள். அது நிலைத்ததும் நான்கு அடிக்கும் கீழ்த்தட்டு, அப்புறம் தகதிமி. எந்தக் கட்டத்தில் குழம்புகிறதோ அதற்கு முந்தைய கட்டத்துக்குத் திரும்பி, அதில் பாட்டை ஒரு முறை முழுதாக முடித்துவிட்டு மேலே போங்கள். பேட்டர்னைப் பார்க்காமல், யோசிக்காமல், யாரோடாவது பேசிக்கொண்டே கை ஓட்ட முடிகிற நாளில் பாட்டும் அதன்மேல் உட்கார்ந்துவிடும்.

புதுக்கம்பி:

மூன்றாம் ஃப்ரெட்டில் குரல் சரியாக உட்கார்கிறது. இன்றைக்கு ஒற்றைத் தட்டோடு முதல் சரணம்வரை பாடிவிட்டேன். இரண்டாம் சரணத்தில் சின்ன எஃப் வருகிறது, நாளைக்கு அதை எடுக்கிறேன்.